பையை எடுக்கணும், சரி. உறையை?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பி.காம். படிச்சுட்டு பேங்கில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் ஆபீசர். இது மருத்துவ ஆலோசனை கிடையாது. எங்க மதினியோட ஆபரேஷனுக்காக மூணு மாசம் கூடவே அலைஞ்சதில் தெரிஞ்சுக்கிட்டது. எழுதி முடிச்சு அவங்களுக்கே அனுப்பினேன். "பேரப் போடாத, ஊரப் போடாத, மத்ததெல்லாம் போடு"ன்னு சொல்லிட்டாங்க. அதனால் தாமிரபரணிக் கரையில் ஒரு ஊர் என்பதோடு நிறுத்திக்கறேன்.

நான் இப்போ குப்பை கொட்டுவது சந்திரகிரியில். டிரான்ஸ்ஃபர் போட்டது திருப்பதிக்கு. வாடகை கொஞ்சம் குறையும், கோட்டையைப் பார்த்துக்கிட்டே காலையில் நடக்கலாம் என்று ரங்கமணி இங்கே வீடு பிடித்தார். 2022-ல் மாவட்டத்தைப் பிரிச்சப்போ சித்தூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு வந்துவிட்டோம். காட்பாடி ரயில் லைன் எங்க ஊர் வழியாத்தான் போகுது. இந்தப் பக்கம் திருப்பதியில் ஸ்விம்ஸ், 2022-ல் திறந்த டாட்டா அறக்கட்டளையின் புற்றுநோய் மருத்துவமனை. அந்தப் பக்கம் சித்தூர் தாண்டினா வேலூர். மெட்ராஸும் ஒரு பகல் பயணத்தில் போய் வரும் தூரம்தான். ஆஸ்பத்திரி வரைபடத்தில் நடுவில் உட்கார்ந்திருக்கோம் என்பது மதினி போன் பண்ணும் வரை எனக்கு உறைக்கவே இல்லை.

மதினி இருபது வருஷமா ஷார்ஜாவில். 2012-ல் இடது மார்பகத்தில் புற்றுநோய். முழுசா எடுத்தாங்க, கீமோ, அப்புறம் ரேடியேஷன். எல்லாம் முடிஞ்சு 2014-ல் சிலிக்கான் பை வெச்சு மார்பகத்தைத் திருப்பி அமைச்சாங்க. முதல் சில வருஷம் பிரச்சினை இல்லை. அப்புறம் அந்தப் பக்கம் மெல்ல இறுக ஆரம்பிச்சது. கடைசியில் கல்லு மாதிரி ஆகி, மேலே ஏறி, கையைத் தூக்கினாலே வலி. எடுத்துடறதுன்னு முடிவு பண்ணியாச்சு.

"நம்ம ஊருக்கே வந்திருக்கலாமே மதினி?"ன்னு கேட்டேன்.

"அங்க வந்தா மொதல்ல அத்தை வருவாக, அப்புறம் தெருவே வரும். ஒவ்வொருத்திக்கும் மொதல்லருந்து கத சொல்லணும். நீ இருக்க ஊர்ல என்னய யாருக்குத் தெரியும்? அதான்ளா."

அதுக்கு மேல் நான் ஒண்ணும் கேட்கலை.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். உடம்புக்குள்ளே வெளிப்பொருள் எது வந்தாலும், அது சிலிக்கான் பையோ, இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கரோ, உடம்பு அதைச் சுத்தி ஒரு உறை கட்டிக்கொள்ளும். இது நோய் இல்லை, எல்லாருக்கும் நடப்பது. சிலருக்கு அந்த உறை தடிச்சு, சுருங்கி, பையை நெரிக்க ஆரம்பிக்கும். டாக்டர்கள் இதை 1 முதல் 4 வரை நிலை பிரிக்கிறாங்க. 4 என்றால் கல்லாகி, வடிவம் மாறி, வலியும் வந்த நிலை. ரேடியேஷன் வாங்கின மார்பில் இது வரும் வாய்ப்பு அதிகம். மதினிக்கு 4.

பையை எடுக்கணும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை எல்லாம் அந்த உறையைப் பத்தித்தான். பையை மட்டும் உருவிட்டு உறையை அப்படியே விடலாம், உடம்பே அதை மெல்லச் சரி பண்ணிக்கும். முன்பக்க உறையை மட்டும் வெட்டி எடுக்கலாம். உறை மொத்தத்தையும் எடுக்கலாம். இல்லைன்னா உறையைத் திறக்கவே திறக்காம, உள்ளே பையோட சேர்த்து ஒரே உருண்டையா எடுக்கலாம். இந்தக் கடைசி வகைக்குத்தான் 'என் பிளாக்' என்று பேர். அண்ணன் போனில் "என் பிளாக், என் பிளாக்"னு சொன்னப்போ அவன் ஃபிளாட் விஷயம் ஏதோ பேசறான்னு நினைச்சு, "உன் பிளாக்குக்கு என்ன?"ன்னு கேட்டேன் :-)

அண்ணனுக்கு இந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தது அங்கே உள்ள ஒரு கிளினிக். உறையோட முழுசா எடுத்தாத்தான் 'விஷம்' போகும், மிச்சம் வெச்சா எல்லாம் திரும்ப வரும்னு சொல்லியிருக்காங்க. அதுக்கு ஒரு பேக்கேஜ் ரேட். அப்புறம் மெட்ராஸில் ஒரு டாக்டர், பழசை எடுத்துட்டு அதே இடத்தில் புதுசு வெச்சுடலாம், உறையில் நாலு கீறல் போட்டா இளகிடும்னு சொன்னார். ரெண்டு பேரும் படிச்சவங்கதான். ஆனா ரெண்டு பேருமே பேச்சை ஆரம்பிச்சது 'எப்படி' என்பதிலிருந்து.

எங்க பேங்கில் யாராவது கடன் கேட்டு வந்தா, எவ்வளவு என்பதற்கு முன்னாடி எதுக்கு என்று கேட்போம். மாட்டுக்கு வாங்கும் கடனும் வீட்டுக்கு வாங்கும் கடனும் ஒண்ணு இல்லை. வட்டி வேற, தவணை வேற, ஈடு வேற. மூணாவதா நாங்க பார்த்த டாக்டரம்மா அந்த ஜாதி. (எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. எங்க ஊர் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் போய்வரும் தூரம்.) ஃபைலைத் திறக்கும் முன்னாடி மதினியைப் பார்த்து, "ஏம்மா எடுக்கணும்னு நினைக்கிறீங்க?"ன்னு கேட்டாங்க. வலியா, பயமா, அழகா, யாராவது சொன்னாங்களா? திடீர்னு அந்தப் பக்கம் வீங்கினதா? கட்டி தட்டுப்படுதா? தோலில் தடிப்பு உண்டா? மதினி யோசிச்சு, "ரெண்டு மாசமா கொஞ்சம் பெரிசானாப்ல இருக்கு"ன்னு சொன்னாங்க. எங்கிட்டயோ அண்ணன்கிட்டயோ சொல்லாத விஷயம்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வெச்சாங்க. "முதல்ல ஸ்கேன். ஆபரேஷனைப் பத்தி அப்புறம் பேசலாம்."

ஏன் என்று புரிய 2019-க்குப் போகணும். கொசுவர்த்தி சுத்திக்கோங்க. சிலிக்கான் பைகளில் வழவழப்பான மேற்பரப்பு உள்ளது, சொரசொரப்பானது என ரெண்டு வகை. சொரசொரப்பானது நகராம நிக்கும், இறுகறதும் குறையும்னு ஒரு காலத்தில் விரும்பி வெச்சாங்க. மார்பகப் பை வெச்சவங்களில் சிலருக்கு, பையைச் சுத்தியிருக்கும் உறையில் ஒரு அபூர்வமான லிம்ஃபோமா புற்றுநோய் வரலாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2011-லேயே எச்சரிச்சது. 2019 ஏப்ரலில் பிரான்ஸ் அந்த வகையில் ரொம்பச் சொரசொரப்பானவற்றைத் தடை செய்தது. ஜூலையில் எஃப்.டி.ஏ. கேட்டுக்கொண்டதன் பேரில் அலெர்கன் நிறுவனம் 'பயோசெல்' என்ற தன்னுடைய சொரசொரப்பு வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்த நோயின் வழக்கமான முதல் அறிகுறி, பை வெச்சுப் பல வருஷம் கழிச்சு அந்தப் பக்கம் திடீர்னு நீர் கோத்து வீங்குவது.

இதில் பலரும் கவனிக்காமல் விட்ட ஒரு வரி உண்டு. திரும்பப் பெற்ற அதே நேரத்தில், எந்த அறிகுறியும் இல்லாத பெண்கள் ஓடிப்போய்ப் பையை எடுக்கத் தேவையில்லை என்றும் எஃப்.டி.ஏ. சொன்னது. நோய் வரும் வாய்ப்பு அவ்வளவு குறைவு, ஆபரேஷனுக்கும் ஆபத்து உண்டு என்பதுதான் கணக்கு. ஆனால் அறிகுறி இருந்து, பரிசோதனையில் நோய் உறுதியானால், அப்போ சமரசமே கிடையாது. பை, உறை, கட்டி இருந்தா அதுவும், சுத்தி நல்ல திசு கொஞ்சமும் சேர்த்து மொத்தமா எடுக்கணும். 'என் பிளாக்' என்ற சொல்லே புற்றுநோய் அறுவை சிகிச்சையிலிருந்து வந்ததுதான். அது நோய்க்கான ஆபரேஷன், பயத்துக்கானது இல்லை.

எந்தப் பை வெச்சிருக்கு என்பதற்கான அட்டை மதினியிடம் இல்லை. 2014-ல் யாரும் தரலையாம். நம்ம நாட்டு மருத்துவ ஒழுங்குமுறை விதிகள்படி (2002) உள்நோயாளி ஆவணங்களை 3 வருஷம் வைத்திருந்தால் போதும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் தரணும். 3 வருஷம் எப்போவோ முடிஞ்சது. ஆனா எங்க அண்ணன் பெரிய கெட்டிக்காரன் இல்லைன்னாலும் எந்தத் துண்டுச் சீட்டையும் தூக்கிப் போடாதவன். ஷார்ஜா வீட்டில் பழைய மின்சார பில்லோட பில்லா டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தது. அதன் பின்பக்கத்தில், பை வந்த டப்பாவிலிருந்து உரிச்சு ஒட்டின ஸ்டிக்கர். கம்பெனி, மாடல், லாட் நம்பர், எல்லாம். திரும்பப் பெற்ற வகை இல்லை. ஆனா சொரசொரப்புதான்.

ஸ்கேனில் பை கிழியலை. உறைக்குள்ளே நீர் இருந்தது. ஊசி போட்டு அந்த நீரை எடுத்து, சி.டி.30 என்ற பரிசோதனைக்கு அனுப்பினாங்க. ரிசல்ட் வர ஒன்பது நாள் ஆகும்னாங்க.

அந்த ஒன்பது நாளில் அண்ணனோட தினம் சண்டை. "எதுக்கு வெயிட் பண்ணணும்? எல்லாத்தையும் மொத்தமா எடுத்துட்டா என்ன குறைஞ்சு போச்சு?" எனக்கும் முதலில் அது நியாயமாத்தான் பட்டது. டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டின பிறகுதான் விளங்கியது. மதினிக்குப் பை இருப்பது மார்புத் தசைக்கு அடியில். அதனால் உறையின் பின்பக்கம் நேரா விலா எலும்பு மேலயும் அதன் இடையில் உள்ள தசை மேலயும் ஒட்டியிருக்கு. அதைச் சுரண்டி எடுக்கும்போது, கொஞ்சம் ஆழமாப் போனா நுரையீரலைச் சுத்தியுள்ள சவ்வு கிழிஞ்சு காற்று புகுந்துடலாம். ரத்தக் கசிவும் அதிகம். உருண்டையா உடையாம எடுக்கணும்னா வெட்டும் பெரிசாப் போடணும். ரேடியேஷன் வாங்கின தோல் மெலிசு, ரத்த ஓட்டம் குறைவு, ஆறுவது மெதுவா. "லிம்ஃபோமான்னு வந்தா இந்த ரிஸ்க் எல்லாத்தையும் எடுப்பேன், பின்பக்கமும் விடமாட்டேன். இல்லைன்னு வந்தா முன்பக்க உறையை எடுப்பேன், விலாவில் ஒட்டினதை விட்டுடுவேன். பை கிழிஞ்சு சிலிக்கான் வெளியே வந்திருந்தா அதுக்கும் வேற கணக்கு"ன்னாங்க.

'விஷம்' கதையையும் கேட்டேன். பை வெச்ச சிலருக்கு உடம்பு முழுக்கச் சோர்வு, மூட்டுவலி, மறதி என்று வருவதை டாக்டர்கள் இப்போ ஒதுக்கித் தள்றதில்லை. பையை எடுத்தபின் பலருக்கு அது குறையவும் செய்யுது. ஆனா உறையை எவ்வளவு எடுத்தாங்க என்பதை வெச்சுப் பிரிச்சுப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒண்ணு 2022-ல் வந்தது. உடையாம எடுத்தவங்க, முழுசா எடுத்தவங்க, கொஞ்சம் எடுத்தவங்க, எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் குறைஞ்சிருந்தது. பேக்கேஜ் ரேட்டில் இந்த வரி இருக்காது.

அரசாங்கங்களே இந்த விஷயத்தில் ஒத்துப்போனதில்லை. பிரான்சில் பி.ஐ.பி. என்ற கம்பெனி, மருத்துவத்துக்கு அனுமதி இல்லாத தொழிற்சாலை சிலிக்கானை அடைச்சுப் பல நாடுகளுக்கு வித்தது 2010-ல் பிடிபட்டது. 2011 டிசம்பரில் பிரான்ஸ் தன் நாட்டில் அதை வெச்சிருந்த சுமார் 30,000 பெண்களையும் எடுத்துடச் சொன்னது. அடுத்த மாசம் பிரிட்டன், எல்லாரும் எடுக்க வேண்டிய அவசியமில்லை, கவலைப்படுறவங்க டாக்டரோட பேசி முடிவு பண்ணட்டும் என்றது. ஒரே பை, கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு முடிவு, அந்தப் பக்கம் ஒரு முடிவு. கம்பெனி நிறுவனருக்கு 2013-ல் 4 வருஷம் சிறை கிடைச்சது. பையோட இருந்த பெண்கள் என்ன ஆனாங்க என்பதைப் பத்திரிகைகள் அப்புறம் அதிகம் எழுதலை.

நம்ம பக்கமும் ஒரு செய்தி நினைவிருக்கலாம். 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மார்பக அறுவை சிகிச்சையை இலவசமாச் செய்ய ஒரு கிளினிக் திறந்தாங்க. புற்றுநோயில் மார்பகம் இழந்தவங்களுக்கு மட்டுமில்லை, அழகுக்காகக் கேட்பவங்களுக்கும் உண்டு என்றதும் இணையம் முழுக்க ஒரே நக்கல். ஏழைக்கு மட்டும் அழகு சிகிச்சை ஏன் கூடாது என்று அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியில் தப்புத் தெரியலை, நக்கல் அடிச்சவங்க மேல்தான் எரிச்சல். ஆனா மதினியைப் பார்த்த பிறகு வேற ஒண்ணு தோணுது. சிலிக்கான் பை ஆயுசுக்கும் வர்றது இல்லை. வெச்சு 5, 6 வருஷத்தில் ஒரு எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட், அப்புறம் 2, 3 வருஷத்துக்கு ஒரு தடவை என்று எஃப்.டி.ஏ. 2020-ல் சொன்னது. பணம் கட்டி வெச்சவங்களோ இலவசமா வெச்சவங்களோ, அந்த ஸ்கேனுக்கு யார் கூப்பிடப் போறாங்க? மதினியை 10 வருஷமா யாரும் கூப்பிடலை.

ஒன்பதாவது நாள் பேங்கில் ஆடிட். போனைச் சைலண்டில் போட்டு மேஜை டிராயரில் வெச்சிருந்தேன். மத்தியானம் எடுத்துப் பார்த்தா மதினியோட நாலு மிஸ்டு கால். வெளியே வந்து கூப்பிட்டேன். "இல்லயாம்ளா"ன்னு ஒரு வார்த்தை. அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசலை. ஆடிட்டர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், சத்தியமா ஞாபகம் இல்லை.

பையை எடுத்த இடத்தில் என்ன செய்வது என்பது பாக்கி இருந்தது. புதுப் பை வைக்கலாம், ரேடியேஷன் மார்பில் அதுவும் இறுகும் வாய்ப்பு உண்டு. முதுகுத் தசையையோ அடிவயிற்றுச் சதையையோ எடுத்து அமைக்கலாம். அது பெரிய ஆபரேஷன், பையின் தொல்லை இல்லை. இல்லைன்னா தோலைச் சீராத் தைச்சுத் தட்டையா மூடிடலாம். தட்டையா மூடறதுக்கும் கைத்திறமை வேணும். மடிப்பு மடிப்பா தோலை விட்டுட்டா கச்சை உரசிப் புண்ணாகும். இதை முன்னாடியே பேசி எழுதி வாங்கிக்கணும்.

மதினி நிமிஷம்கூட யோசிக்கலை. "தட்டையா தச்சிருங்க. எனக்கு இனி ஒண்ணும் வேண்டாம். பத்து வருசமா ஒருக்களிச்சே படுத்துக் கெடக்கேன்." அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்புறம் டாக்டரம்மாவிடம் "வலி இருக்காதுல்ல மேடம்?"னு மட்டும் கேட்டான். எனக்கு அவன் மேல் இருந்த கோபம் எல்லாம் அங்கேயே போச்சு.

பழைய தழும்பிலேயே வெட்டு. முன்பக்க உறை எடுத்தாச்சு, விலாப் பக்கம் விட்டாச்சு. எடுத்த உறை முழுக்கப் பரிசோதனைக்குப் போனது. இதை நாம் கேட்காமலே அனுப்பும் இடமும் உண்டு, கேட்டால்தான் அனுப்பும் இடமும் உண்டு, அதனால் கேட்டுடுங்க. அதிலும் ஒண்ணும் இல்லை. நாலாம் நாள் டிரெயின் குழாயோட சந்திரகிரி வீட்டுக்கு வந்தாங்க. குழாயில் சேரும் நீரைக் காலையும் மாலையும் அளந்து நோட்டில் எழுதணும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்தா எடுத்துடலாம்னு சொல்லியிருந்தாங்க. என்கிட்ட நோட்டைக் கொடுத்தா கேட்கணுமா, ரெண்டு பத்தி போட்டு, கூட்டி, கையெழுத்தும் போட்டேன். பக்கத்து வீட்டு அக்கா தினம் உலவச்சாறு கொண்டுவந்து, "வதினகாருக்கு இது குடுங்க, பலம்"னு கலந்து கட்டின தமிழில் சொல்லிட்டுப் போவாங்க. நம்ம கொள்ளு ரசத்தின் கெட்டியான அக்கா அது. நம்ம 'மதினி'தான் இங்கே 'வதின'ன்னு அன்னிக்குத்தான் மதினிக்குத் தெரியும். என்ன ஆபரேஷன்னு அந்த அக்கா கடைசி வரை கேட்கவே இல்லை.

இன்ஷூரன்ஸ் வெச்சிருப்பவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நம்ம ஊர் பாலிசிகளில் அழகுக்கான அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடையாது. ஆனா விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிறகான சீரமைப்பும், மருத்துவக் காரணத்துக்காக அவசியமான சிகிச்சையும் அந்த விலக்கில் சேராது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது வாசகம் அது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'இம்பிளாண்ட் நீக்கம்' என்று மட்டும் எழுதினா கிளெயிம் பார்க்கும் ஆள் அழகு சிகிச்சைன்னு கோடு போட்டுடுவார். எந்த நோய்க்கு வெச்சது, இப்போ எதனால் எடுத்தது, உறை இறுக்கம் எந்த நிலை, இது மூணும் காகிதத்தில் இருக்கணும். மதினிக்கு இங்கே பாலிசி இல்லை, கைக்காசுதான். ஆனாலும் எழுதி வாங்கிட்டேன். பழக்கதோஷம்.

இப்போ மதினி திரும்ப ஷார்ஜாவில். வெளியே போகும்போது மட்டும் உள்ளே பஞ்சு வெச்சுத் தைச்ச ஒண்ணைப் போட்டுக்கறாங்க, வீட்டில் அதுவும் இல்லை. இங்கே கடைத்தெரு தையல்காரம்மா நாலு ரவிக்கையில் உள்பை வெச்சுக் கொடுத்தாங்க. வலது மார்பகத்துக்கு வருஷா வருஷம் மேமோகிராம் உண்டு, அடுத்தது மார்ச்சில். இங்கேயே எடுத்துக்கறேன்னு டிக்கெட் போட்டாச்சு. வரும்போது பேரீச்சம்பழமும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு நல்ல பிளாஸ்க்கும் வாங்கி வரச் சொல்லியிருக்கேன்.